காதில் வைத்த பஞ்சு

அத்தியாயம் 11

போன வாரம் ரவி கிராம்புத் தைலம் வாங்கி வந்ததைப் படித்துவிட்டு மூன்று வாசகிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். 'இப்படி ஒரு புருஷன் கிடைக்கச் சரசு கொடுத்து வைத்தவள்' என்று ஒருவர். 'அந்தப் பக்கத்தை மடித்து என் வீட்டுக்காரர் பார்க்கும்படி வைத்தேன்' என்று இன்னொருவர். சந்தோஷம். ஆனால் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். ஒரு குப்பித் தைலத்துக்கு மயங்கியது நீங்கள் மட்டும் இல்லை, நானும்தான்.

விட்ட இடம் ஞாபகம் இருக்கிறதா? மாடம்பாக்கத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன்னால் மொசைக் தரை போட்ட மாடி வீடு, அண்ணன் ஜெயவேலுவுடையது. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறை, தம்பி ரவியுடையது. அப்பா விட்டுப்போன நிலம் இருவருக்கும் சரிபாதிதான். ரவி தன் பங்கை எண்பத்து நாலில், அப்பாவின் வைத்தியத்துக்காக விற்றான். ஜெயவேலு தொண்ணூறு வரை கையில் வைத்திருந்து மனை போட்டு விற்றான். மொசைக்குக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ஆறு வருஷம்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதனால் யாரையும் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

இரண்டு வீட்டு மருமகள்களும் இப்போது மாசமாக இருக்கிறார்கள். மூத்தவள் காமுவுக்கு ஆறாம் மாதம். இளையவள் சரசுவுக்கு ஏழு. ஞாயிற்றுக்கிழமை சரசுவுக்கு வளைகாப்பு, முன் வீட்டு ஹாலில். பள்ளிக்கரணையிலிருந்து அவள் அம்மா வீட்டார் வரப்போகிறார்கள்.

சரசுவின் வலது கடைவாய்ப் பல்லில் இரண்டு மாதமாக வலி. மாமியார் தாயாரம்மாள் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "மாசமா கீறவ பல்லுல கைய வெக்கக் கூடாது. கொறடு பட்டா புள்ள நிக்காது. பெத்தெடுத்தப்புறம் பாத்துக்கலாம்."

சரசு நம்பினாள். பிள்ளை நிற்காது என்று சொன்னால் எந்தப் பெண்தான் நம்பாமல் இருப்பாள்?

வியாழக்கிழமை காலை. ரவி சைக்கிளில் டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். தாம்பரம் ஸ்டேஷனில் சைக்கிளைப் போட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பட்டறைக்கு ரயிலில் போகிறவன். கான்ட்ராக்ட் வேலை.

"வலிக்குதா?" என்றான்.

சரசு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். ராத்திரியெல்லாம் காய்ச்சல் அடித்ததை அவள் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு மாசம்தானே. பல்லக் கடிச்சுகினு..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தாடை விண்ணென்று தெறித்தது. "தைலம் தடவு, சாயங்காலம் வேற குப்பி வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாயைப் பொத்துவது அவளுக்கு ஒரு மாதமாகப் பழக்கம். ஒருநாள் ரவி அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்தவன், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட அவள் அழுது தீர்த்திருப்பாள். அன்றிலிருந்து குழாயடியில் பேசினாலும், கடையில் உப்பு கேட்டாலும் தலைப்பு வாய்க்குப் போய்விடும். ஊசி போட வந்த நர்ஸம்மா, "ஏழு மாசத்துல இவ்வளவுதான் வெயிட்டா? சாப்பிடறியா இல்லையா?" என்று அதட்டியபோதும் தலைப்பை எடுக்கவில்லை. கஞ்சியைத் தவிர வேறு எதையும் மெல்ல முடியவில்லை என்று சொல்ல, வாயைத் திறக்க வேண்டுமே.

அன்று தாயாரம்மாள் வீட்டில் இல்லை. முந்தின நாள் குழாயடியில் வழுக்கிக் கால் பிசகிக்கொண்டதால், ஜெயவேலு அவளைச் சேலையூரில் கட்டுக் கட்டுபவரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தான். பத்து மணிக்கு காமு பின்பக்கம் வந்து நின்றாள். குரோம்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகள், கெட்டவள் இல்லை. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க அவளுக்கு இதுவரை அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

"சரசு, பதினொரு மணிக்கு எனக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட். தனியா போனா இவர் கத்துவார். கொஞ்சம் கூட வர்றியா?"

"வரேங்க்கா."

சரசுவுக்கு விஷயம் தெரியும். காமுவுக்குக் காது வலி. போன மாதம் இரண்டு தடவை தாயாரம்மாளோடு போய்விட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தாளே. "பாவம், காது கொடச்சல். காது டாக்டராண்ட போய்ட்டு வரோம்" என்று தாயாரம்மாளே சொன்னாள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஆட்டோ நின்றது. வாசலில் ஒரு போர்டு. அதில் ஒரு பெரிய பல் வரைந்திருந்தது.

"காது டாக்டர் மாடியிலயாக்கா?"

"காதா? யாருக்குக் காது?"

"உங்களுக்குத்தான்... பஞ்சு வெச்சுகினு வந்தீங்களே."

காமு சிரித்துவிட்டாள். "அதுவா? பல்லுக்கு வைத்தியம் பார்த்துட்டு வந்தா காது வழியா காத்து பூந்துடும்னு அத்தை பஞ்சு வெச்சு விட்டாங்க. எனக்குப் பல்லுல சொத்தை சரசு. இன்னிக்கு அடைச்சு முடிச்சுடுவார்."

"மாசமா கீறப்பவா?"

"நானும் அதான் பயந்தேன். அத்தைதான் 'ஒண்ணும் ஆவாது, வா நான் கீறேன்'னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க."

ஐயோ, அந்த நிமிஷம் சரசுவுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருக்கும். கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஒரே மாமியார், ஒரே நாக்கு. முன் வீட்டு மருமகளுக்கு டாக்டர். பின் வீட்டு மருமகளுக்கு ஒரு பயமுறுத்தல் போதும் என்று அந்த நாக்கு கணக்குப் போட்டிருக்கிறது. அதை ஒரு கேள்வி கூடக் கேட்காமல் இரண்டு மாதம் நம்பிக்கொண்டு கிடந்தோமே என்று அவள் உடம்பு கூசியது.

டாக்டர் சுந்தர்சிங்குக்கு அறுபது வயதிருக்கும். காமுவின் பல்லை அடைத்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. சொத்தை கடுகளவு. பேசிக்கொண்டே அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டவர், பெஞ்சில் இருந்த சரசுவைப் பார்த்து நின்றார்.

"இந்த வீக்கம் எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்ல சார்."

"அவ எப்பவும் அப்படித்தான் டாக்டர், வாயைப் பொத்திப்பா" என்றாள் காமு.

"அந்தத் துணியை எடும்மா."

சரசு எடுத்தாள். வலது கன்னம் கெட்டியாக, பளபளவென்று இருந்தது. "வாயைத் திற" என்றார். திறந்தாள்.

காமு அரை அடி பின்னால் நகர்ந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாக நகர்ந்தது. ஆனால் சரசு பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததைக் காமுவும் பார்த்துவிட்டாள். காமு தரையைப் பார்த்தாள், சரசு கூரையைப் பார்த்தாள்.

டாக்டர் மட்டும் நகரவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஜுரம் வேற. எத்தனை மாசம்?"

"ஏழு."

"உள்ள வா."

"வேணாம் சார். புள்ளைக்கு..."

"யாரு சொன்னது?"

சரசு வாயைத் திறந்தாள், மூடினாள். "ஊர்ல சொல்லுவாங்க சார்" என்றாள்.

காமுவுக்கு அப்போதுதான் புரிந்தது. 'ஊர்ல' என்ற அந்த வார்த்தைக்குள் இருந்தது யார் என்று. அவளுக்குக் காதுமடல் சூடேறியது.

நாற்காலியில் சரசுவை நேராக மல்லாக்கப் படுக்க வைக்கவில்லை. வலது இடுப்புக்கடியில் ஒரு தலையணையை வைத்து இடதுபக்கம் கொஞ்சம் சாய்த்துவிட்டார். "வயித்துப் பாரம் ரத்தக் குழாயை அமுக்கக் கூடாது, அதுக்குத்தான். நீ பயப்படாதே" என்றார். மரத்துப்போக ஊசி போட்டார். ஈறைக் கீறிச் சீழை வடியவிட்டார். சரசுவின் கை எதையோ தேடியது. காமு போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை நகரவில்லை.

முடிந்ததும் டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "பல்லைத் தொட்டா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. தொடாம விட்டதுதான் ஆபத்து. இந்தச் சீழ் இன்னும் ஒரு வாரம் உள்ள இருந்திருந்தா, ரத்தத்துல கலந்து குறை மாசத்துல வலி கண்டிருக்கும். உன் உசுருக்கும் உத்தரவாதம் இல்ல. மாத்திரை தர்றேன். சனிக்கிழமை வா. ஜுரம் இறங்கியிருந்தா பல்லை எடுத்துடலாம். இறங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

"சரிங்க சார்."

"உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. அவரை ரெண்டு கேள்வி கேக்கணும்."

காமு கைப்பையைத் திறந்தாள். சரசு வேகமாக, "வேணாங்க்கா" என்றாள். காமு அதைக் காதில் வாங்காமல் பணத்தை எடுத்துக் கொடுத்தாள், டாக்டரும் வாங்கிக்கொண்டார். சரசுவுக்கு நாற்காலிக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆட்டோ கேம்ப் ரோடு தாண்டியதும் காமு மெதுவாகச் சொன்னாள்.

"நீ என்னைப் பார்த்துத்தான் வாயைப் பொத்திட்டு சிரிக்கிறேன்னு நெனச்சுட்டு இருந்தேன் சரசு. நான் குண்டாயிட்டேன்னு கேலி பண்றியோன்னு. இவர்கிட்ட கூட சொல்லித் திட்டியிருக்கேன்."

"பரவால்லக்கா."

"பரவால்லன்னு சொல்லாதே. எதாவது திட்டு."

சரசு திட்டவில்லை. காமு பைக்குள் துழாவி, டாக்டர் கொடுத்த பஞ்சிலிருந்து கொஞ்சம் பிய்த்து நீட்டினாள். "காதுல வெச்சுக்கோ. இல்லைன்னா அத்தை கத்துவாங்க." வழக்கமாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சரசு அந்தப் பஞ்சை வாங்கி, நிதானமாக உருட்டி, காதில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது தாயாரம்மாள் காலில் கட்டோடு ஹால் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஜெயவேலு அவளை இறக்கிவிட்டுவிட்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிருந்தான். தாயாரம்மாள் காமுவைப் பார்த்தாள். அவள் பின்னால் வந்த சரசுவைப் பார்த்தாள். சரசுவின் காதைப் பார்த்தாள்.

கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது.

"காத்து பூந்துடக் கூடாது பாருங்க அத்தே" என்றாள் சரசு. வாய் மரத்திருந்ததால் வார்த்தை குழறியது. "எனக்குக் காதுல ஒண்ணும் இல்ல. அக்காவுக்கும் ஒண்ணும் இல்ல."

தாயாரம்மாள் விசிறியை மடியில் போட்டாள்.

"கொறடு பட்டா புள்ள நிக்காதுன்னீங்க. அக்கா புள்ள நிக்குமா அத்தே? அது இரும்புலயா செஞ்சது?"

"அவளும் நீயும் ஒண்ணாடி?" என்று சீறினாள் தாயாரம்மாள். சீறிய வேகத்திலேயே குரல் உடைந்தது. "ஒண்ணுதான். எனக்குத் தெரியாதா? ஆனா ஒனக்கு இப்புடி ஒரு வழி கீதுன்னு தெரிஞ்சா நீ சும்மா இருப்பியா? அவன நச்சரிப்ப. அவன் எங்க போவான்? இந்த வாசல்ல வந்துதான் நிக்கணும்."

"வந்து கேட்டிருந்தா குடுத்திருப்போமே அத்தை" என்றாள் காமு.

"குடுப்பீங்கம்மா. குடுத்துட்டு ஊருக்குச் சொல்லுவீங்க. தீவாளிக்கு சைக்கிள் டயருக்குக் குடுத்தத உன் புருசன் பந்தியில வெச்சு எத்தினி பேரு எதுக்க சொன்னான்? எல்லாரும் சிரிச்சாங்க. சின்னவன் எலையப் பாத்துகினே துன்னான். பெத்தவ நான் பாத்துகினு நின்னேன். இன்னொரு தரம் அத என்னால பாக்க முடியாது."

அந்தப் பந்தியில் காமுவும் இருந்தாள். சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு மட்டும் யாருடி பாத்தா? ஒவ்வொரு புள்ளைக்கும் ஒவ்வொரு பல்லா போச்சு. நான் சாவல" என்றாள் தாயாரம்மாள்.

சரசுவுக்கு மாமியார் மேல் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"உங்க புள்ள தலை குனியக் கூடாது. அதுக்கு எம் புள்ளைய வெச்சுப் பயமுறுத்தினீங்க. டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? இன்னும் ஒரு வாரம் போயிருந்தா ரெண்டு பேருமே இல்லையாம். நாயித்துக்கெழம எங்கம்மா வளையலோட வருவாங்க. அவங்ககிட்ட இன்னா சொல்லட்டும்?"

தாயாரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய முந்தானைக்குள்ளிருந்து வந்தது அந்த வார்த்தை.

"நான் ஒருத்தியாவா முடிவு பண்ணேன்..."

சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வேற யாரு?" என்றாள் சரசு.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சரசு பின் வீட்டுக்குப் போனாள். காமு பின்னாலேயே கஞ்சியும் மாத்திரையும் கொண்டுவந்து வைத்தாள். மாத்திரையை விழுங்கிய சரசு கஞ்சியைத் தொடவில்லை. ஷீட் சூட்டில் வேர்க்க வேர்க்க வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை உதைத்தது. அப்போதுதான் அழுதாள்.

ஆறரை மணிக்கு ரவியின் சைக்கிள் மணி கேட்டது. இறங்கி வந்தவன் கையில் புதுத் தைலக் குப்பி.

"இந்தா, இது நல்ல சரக்காம். கடைக்காரன்..."

அவன் கண் அவள் காதுக்குப் போனது.

வாசகிகளே, கவனியுங்கள். காதில் பஞ்சு வைத்த பெண்ணைப் பார்த்தால், ஒன்றும் தெரியாத ஒருவன் என்ன கேட்பான்? 'காதுல இன்னா?' என்று கேட்பான். ரவி கேட்கவில்லை. அவன் முகம் வெளுத்துப்போனது.

சரசு காலையிலிருந்து பட்ட வெட்கமெல்லாம் சேர்த்து ஒரு பங்கு, இந்த ஒரு நொடி ஒன்பது பங்கு.

"உனக்குத் தெரியுமா மாமா?"

"அம்மாதான் சரசு..."

"அம்மா கத வேணாம். அக்காவுக்கு வைத்தியம் பாத்தது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னும் தெரியும்?"

அவன் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். "ரெண்டு மாசம்தானேன்னு நெனச்சேன். அண்ணங்கிட்ட மறுபடியும் போயி நிக்க முடியல சரசு."

"கவர்மெண்டு ஆஸ்பத்திரில உங்க அண்ணனா ஒக்காந்துகினு கீறாரு?"

"அதுக்கு ஒரு நாளு லீவு போடணும். போட்டா மறுநாளு கான்ட்ராக்டரு பட்டறை கேட்டாண்டையே நிறுத்திடுவான். எனக்குப் பின்னாடி பத்து பேரு நிக்கிறான்."

அது பொய்யில்லை. அதுதான் கஷ்டம். அவன் சொன்ன ஒவ்வொன்றும் நிஜம்தான். ஆனாலும் தினமும் காலையில் 'வலிக்குதா' என்று கேட்டானே, அந்தக் கேள்வியை எதில் சேர்ப்பது? அந்தப் பக்கத்தை மடித்து வைத்த வாசகி தயவுசெய்து மடிப்பை எடுத்துவிடுங்கள். ரவியை நல்லவன் என்று போன வாரம் எழுதியவன் நான். எழுதிய கை கூசுகிறது.

சரசு எழுந்தாள். தலைப்பு தோளில் கிடந்தது, அவள் அதைத் தொடவில்லை. நேராக அவன் முகத்துக்கு எதிரில் வந்து பேசினாள். மருந்து வாடையும் பழைய வாடையும் கலந்து அவன் மேல் பட்டது. ரவி திரும்பவில்லை. திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை.

"சனிக்கெழம டாக்டரு வரச் சொல்லிகீறாரு. பல்லு எடுக்கணும். நீதான் கூட வரணுமாம். உன்ன ரெண்டு கேள்வி கேக்கணுமாம்."

"சனிக்கெழம ஷிப்ட்டு கீது சரசு. அண்ணிய வேணா..."

"அண்ணி வந்துட்டாங்க. அவங்க பாக்க வேண்டியதப் பாத்துட்டாங்க" என்றாள் சரசு. "இன்னும் ரெண்டு நாளு கீது. இன்னா பதிலு சொல்லணும்னு யோசிச்சு வெச்சுக்கோ. இன்னைக்கு நாலு பேரு எதுக்க நான் வாயத் தொறந்து காமிச்சுட்டேன் மாமா. சனிக்கெழம உன் மொற."

உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

தைலக் குப்பியைப் பிடித்துக்கொண்டு ரவி வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.